டேண்டம் சைக்கிள்ல கன்னியாகுமரி வரைக்கும்: வழியில வண்டி மக்கர் பண்ணா என்ன செய்யறது?

வாசகர் கேள்வி: நான் கோயம்புத்தூர்ல ஸ்கூல் டீச்சர். எனக்கு ரெண்டு கண்ணுலயும் பார்வை இல்ல. வீட்டுக்காரர் முன்னாடி, நான் பின்னாடின்னு டேண்டம் சைக்கிள் ஓட்டறோம். செகண்ட் ஹேண்டுல வாங்கினது, 700சி வீல், 32 டயர், 36 கம்பி, ரிம் பிரேக், 9 ஸ்பீடு. பொங்கல் முடிஞ்சதும் பழனி, திண்டுக்கல், மதுரை வழியா கன்னியாகுமரிக்கு நாலு நாள்ல போலாம்னு இருக்கோம். ஆனா இந்த வருஷம் வண்டி படுத்தி எடுத்துடுச்சு. பின் வீல்ல ரெண்டு தடவ கம்பி உடைஞ்சுது. கோத்தகிரில இருந்து மேட்டுப்பாளையம் இறங்கறப்ப பின் டியூப் வெடிச்சுது. அன்னூர் பக்கம் எங்க ரெண்டு பேர் பெடலையும் இணைக்கற இடது பக்க செயின் கழண்டு, கடைக்காரர் ஒருத்தர் மாட்டிக் குடுத்தார், அதுல இருந்து என் காலும் அவர் காலும் ஒண்ணா சுத்தறதே இல்ல. லாங் ரைடுல இப்படி ஆனா எப்படி சமாளிக்கறது? என்னென்ன எடுத்துட்டுப் போகணும்? இன்னொண்ணு, வண்டி நின்னா அவர் தனியா மல்லுக்கட்டறார், நான் ரோட்டோரமா சும்மா நிக்கறேன். எனக்கு அது பிடிக்கவே இல்ல. நான் என்ன செய்ய முடியும்?

பதில்:

வணக்கம் டீச்சர். கடைசி கேள்விய முதல்ல எடுத்துக்கறேன், ஏன்னா மத்ததுக்கெல்லாம் பாதி பதில் அதுலதான் இருக்கு. என் வொர்க்‌ஷாப்புக்கு வர்ற டேண்டம்ல பெருசா நாசமாகி வர்ற வண்டி எல்லாத்துலயும் கதை ஒண்ணுதான், "ஒரு சத்தம் வந்துச்சு, அடுத்த ஊர்ல பாத்துக்கலாம்னு விட்டோம்". அந்த சத்தம் முதல்ல யாருக்கு கேக்கும்னா உங்களுக்குத்தான். முன்னாடி இருக்கறவர் காதுல காத்து அறையும், கண்ணு ரோட்டுல, கை பிரேக்குல, கியர்ல. நீங்க பின் வீலுக்கு நேர் மேல உக்காந்திருக்கீங்க, செயின், கியர், ஹப் (வீலோட நடு உருளை) எல்லாம் உங்க காலுக்கு கீழதான் ஓடுது. அதனால கிளம்பறதுக்கு முன்னாடியே ரெண்டு பேரும் ஒண்ணு பேசி வெச்சுக்கோங்க. நீங்க "நிறுத்துங்க"ன்னு சொன்னா சார் ஏன் எதுக்குன்னு கேக்காம ஓரமா பாதுகாப்பான இடம் பாத்து நிறுத்தணும், நிறுத்தின அப்புறம்தான் விவாதம். நின்னு பாத்து ஒண்ணும் இல்லன்னா அஞ்சு நிமிஷம் போச்சு, அவ்வளவுதான். ஆனா லூஸான கிராங்க்லயே (பெடல தாங்கற கை) இன்னொரு பத்து கிலோமீட்டர் மிதிச்சீங்கன்னா கிராங்க் ஓட்டை தேஞ்சு அப்புறம் எந்த போல்ட்டும் பிடிக்காது, டேண்டம் கிராங்க் நம்ம ஊர்ல எந்தக் கடையிலயும் தொங்கல.

சத்தத்த வெச்சு இடத்த கண்டுபிடிக்க ஒரு கணக்கு இருக்கு, இத நீங்க ஓடற வண்டியிலயே பண்ணலாம். ரெண்டு பேரும் மிதிக்கறத நிறுத்திட்டு வண்டிய சும்மா உருள விடுங்க. சத்தம் அப்பவும் தொடர்ந்தா அது வீல், பிரேக், டயர் சமாச்சாரம். நின்னுட்டா பெடல், கிராங்க், செயின் பக்கம். அடுத்து, மிதிச்சுக்கிட்டே எண்ணுங்க. ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு தடவ அதே எடத்துல "டக்"னு வந்தா பெடல், கிராங்க், இல்ல பாட்டம் பிராக்கெட் (கிராங்க் சுத்தற அச்சும் பேரிங்கும்). கிட்டத்தட்ட மூணு சுத்துக்கு ஒரு தடவ வந்தா வலது பக்க மெயின் செயின்ல ஒரு கண்ணி இறுகியிருக்கு இல்ல பிரியப்போகுது. நாலு சுத்துக்கு ஒண்ணுன்னா இடது பக்க செயின், அது நீளம் ஜாஸ்திங்கறதால ஒரு முழு ரவுண்டு வர்றதுக்கு அவ்வளவு சுத்து ஆகும். உங்க வண்டியில பல்லு எத்தனன்னு பொறுத்து கொஞ்சம் முன்ன பின்ன இருக்கலாம், வீட்ல வண்டிய தூக்கி நிறுத்தி செயின்ல ஒரு நூல கட்டிவிட்டு எத்தன சுத்துக்கு ஒரு தடவ வருதுன்னு விரலால தொட்டு எண்ணி மனசுல வெச்சுக்கோங்க. சத்தம் யார் பக்கத்துல இருந்துன்னு தெரியலயா, ஒருத்தர் காலுக்கு அழுத்தம் குடுக்காம சும்மா சுத்த விடுங்க, இன்னொருத்தர் மட்டும் மிதிக்கட்டும். யார் அழுத்தம் நின்னப்ப சத்தம் நிக்குதோ அவங்க பெடல், அவங்க கிராங்க், அவங்க சீட்டு, அவங்க ஷூ கிளீட்டு (ஷூ அடியில பெடல்ல மாட்டற கொக்கி). இந்த ஒரு டெஸ்ட்லயே பாதி பிரச்சன பிடிபட்டுடும்.

இப்ப கம்பிக்கு வரேன், உங்க வண்டியில எனக்கு ரொம்ப கவலையா இருக்கறது இதுதான். ரெண்டு தடவ உடைஞ்சுதுன்னு எழுதியிருக்கீங்க, எந்தப் பக்கம், எந்த எடத்துலன்னு எழுதல, ஆனா பின் வீல்ல வலது பக்கம், ஹப்ல கம்பி வளையற எடத்துலதான் உடைஞ்சிருக்கும்னு நினைக்கறேன், வழக்கமா அங்கதான். காரணம் நிறைய பேர் நினைக்கற மாதிரி கம்பி ரொம்ப டைட்டா இருந்தது இல்ல, பெரும்பாலும் லூஸா இருந்ததுதான். வீல் சுத்தறப்ப தரைக்கு நேரா வர்ற கம்பி ஒவ்வொரு சுத்துக்கும் கொஞ்சம் தளர்ந்து மறுபடி இறுகும். ஏற்கனவே லூஸா இருந்தா அது மொத்தமா தளர்ந்து அந்த வளைவுல ஆடும், இரும்புக் கம்பிய கையில வெச்சு இப்படியும் அப்படியும் வளைச்சுக்கிட்டே இருந்தா ஒடியுமே, அதே கதைதான். 700சி 32 டயர் ஒரு கிலோமீட்டருக்கு 460 தடவைக்கு மேல சுத்துது, கன்னியாகுமரி சுமார் 450 கிலோமீட்டர்னா ரெண்டு லட்சம் தடவைக்கு மேல அந்த வளைவு ஆடப்போகுது, அதுவும் நீங்க ரெண்டு பேர், வண்டி, பை எல்லாம் சேந்து 160 கிலோ பக்கம் உக்காந்துக்கிட்டு. உடைஞ்ச ரெண்ட மட்டும் மாத்தினீங்க சரி, மீதி கம்பிகளும் அதே வயசு, அதே ஆட்டம் ஆடினதுதான், அடுத்தது எப்ப வேணா போகும். அதனால இந்த ரைடுக்கு முன்னாடி பின் வீல மொத்தமா பிரிச்சு புதுக் கம்பி போட்டு கட்டிடுங்க. 2 மில்லிமீட்டர் கம்பி, நல்ல ஸ்டெயின்லெஸ், சமமான டென்ஷன், கட்டி முடிச்சதும் கம்பிகள ஜோடி ஜோடியா கையால அழுத்தி உக்கார வைக்கணும். இத பண்ணத் தெரிஞ்ச ஆள்கிட்ட குடுங்க. பெண்டு எடுக்கத் தெரிஞ்ச எல்லாருக்கும் வீல் கட்டத் தெரியாது. 36 கம்பி உங்க வெயிட்டுக்கு தாங்கும், நல்லா கட்டியிருந்தா. புது வீலே வாங்கறதா இருந்தா 40 கம்பி பாருங்க, நம்ம ஊர் கறுப்பு கலர் பழைய சைக்கிள் பின் வீல்ல காலங்காலமா 40 கம்பிதான், மூட்டை ஏத்தறவங்களுக்கு வேண்டிய கணக்கு அது.

வீல் கட்டின அப்புறம் அத பாத்துக்கற வேலை உங்களோடது டீச்சர், இத சும்மா ஆறுதலுக்கு சொல்லல. வீல் கட்டறவங்களே கம்பிய சுண்டி சத்தம் கேட்டுத்தான் டென்ஷன ஒப்பிடறாங்க. தினமும் காலைல கிளம்பறதுக்கு முன்னாடி வால்வ தொட்டு ஆரம்பிச்சு வலது பக்க கம்பி 18ஐயும் வரிசையா சுண்டுங்க, கம்பிகள் குறுக்க தொட்டுக்கற எடத்துக்கும் ரிம்முக்கும் நடுவுல சுண்டணும். எல்லாம் ஏறக்குறைய ஒரே சுருதில வரணும். அப்புறம் இடது பக்கம். பின் வீல்ல இடது பக்கம் சுருதி கீழ இருக்கும், அது தப்பு இல்ல, ஹப்போட அமைப்பு அப்படி, வலதோட வலத, இடதோட இடத மட்டும் ஒப்பிடுங்க. நடுவுல ஒண்ணு "டொப்"னு செத்த சத்தம் குடுத்தா அது தளர்ந்துடுச்சுன்னு அர்த்தம், ஸ்போக் கீ போட்டு கால் சுத்து. எந்தப் பக்கம் திருப்பணும்னு குழப்பம் வரும், டயர் பக்கத்துல இருந்து ஸ்க்ரூ டிரைவர் விட்டு டைட் பண்றதா நினைச்சுக்கிட்டா திசை சரியா வரும். கோட்டம் இருக்கான்னு தெரிஞ்சுக்க, ஃபிரேம்ல ஒரு கேபிள் டைய கட்டி அதோட வால ரிம்ம தொடாம தொடற மாதிரி வெட்டி விடுங்க, வீல மெல்ல சுத்தினா கோட்டம் இருக்கற எடத்துல மட்டும் "டிக்"னு உரசும். கண்ணு தேவையே இல்ல. சார விட நீங்க இத நல்லா செய்வீங்க.

அப்படியும் வழியில உடைஞ்சா, "டிங்"னு ஒரு தடவ சத்தம் வந்து அதுக்கப்புறம் பிரேக்குல உரசற மாதிரி "ஷ்ஷ், ஷ்ஷ்"னு வரும், உடனே நிறுத்துங்க. உடைஞ்ச கம்பிய பக்கத்து கம்பியில சுத்தி டேப் போட்டுக் கட்டுங்க, இல்லன்னா அது கியர்ல மாட்டி டீரெய்லர (செயின ஒரு பல்லுல இருந்து இன்னொண்ணுக்கு தள்ளற பாகம்) வீலுக்குள்ள இழுத்துடும். வலது கம்பி போனா ரிம் அந்த எடத்துல இடது பக்கம் சாயும், அதுக்கு ரெண்டு பக்கத்துலயும் இருக்கற இடது கம்பிகள அரை சுத்து தளர்த்துங்க, ஓரளவு நேராகும், பிரேக்க கொஞ்சம் அகட்டி வெச்சுக்கிட்டு மெதுவா அடுத்த டவுன் வரைக்கும் போகலாம். மாத்துக் கம்பி கண்டிப்பா கொண்டு போங்க, வலது பக்கத்துக்கு நாலு, இடதுக்கு ரெண்டு, முன் வீலுக்கு ரெண்டு, மூணும் மூணு நீளமா இருக்கும், கலர் டேப்புக்கு பதிலா நீங்க தொட்டு கண்டுபிடிக்கற மாதிரி ஒரு முடிச்சு, ரெண்டு முடிச்சுன்னு நூல் கட்டி வெச்சுக்கோங்க. வலது கம்பி மாட்ட கேசட்ட (பின் வீல் கியர் பல்லு அடுக்கு) கழட்டணும், அதுக்கு லாக்ரிங் டூல் சின்னதா ஒண்ணு வேணும். அது கிடைக்கலன்னா கெவ்லார் கயிறுல வர்ற எமர்ஜென்சி கம்பி ஒண்ணு வாங்கி வெச்சுக்கோங்க, கேசட்ட தொடாமலே கோத்து இழுத்துக் கட்டிடலாம்.

அடுத்து அந்த இடது பக்க செயின், டைமிங் செயின்னு சொல்வாங்க. கால் ஒத்து வரலன்னு எழுதியிருக்கீங்களே, அந்தக் கடைக்காரர் மாட்டறப்ப பல்லு தள்ளி உக்காந்துடுச்சு, அவ்வளவுதான் விஷயம். 39 பல்லு சக்கரம்னா ஒரு பல்லு தள்ளினாலே 9 டிகிரிக்கு மேல கால் விலகும், ரெண்டு மூணு பல்லுன்னா மிதிக்கறது அவஸ்தை. வேணும்னே காலை தள்ளி வெச்சு ஓட்டறவங்களும் இருக்காங்க, ஆனா அது தெரியாம நடந்தா ஆபத்தும் இருக்கு, வளைவுல சார் தன் பெடல மேல தூக்கி வெச்சுட்டோம்னு நினைச்சு சாய்ப்பார், உங்க பெடல் கீழ இருந்து தரையில இடிக்கும்.

இத சரி பண்றது வீட்லயே முடியும். முன்னாடி பாட்டம் பிராக்கெட் இருக்குல்ல, டேண்டம்ல அது ஒரு பெரிய உருளைக்குள்ள ஓரமா உக்காந்திருக்கும், உருளைய திருப்பினா அச்சு முன்ன பின்ன நகரும், அதுலதான் இந்த செயினோட டைட்ட வைக்கறது. அடியில இருக்கற லாக் போல்ட்ட ஆலன் கீ போட்டு தளர்த்தி உருளைய திருப்பி செயின லூஸாக்குங்க, ஒரு சக்கரத்துல இருந்து மட்டும் செயின தூக்குங்க, ரெண்டு பேரோட இடது கிராங்கையும் முன்னாடி பாத்து படுக்க வைங்க, தரையில இருந்து பெடல் அச்சு எவ்வளவு உயரம்னு குச்சி வெச்சு அளந்தா ரெண்டும் சமமா வரணும், அப்படியே செயின மாட்டுங்க. சரியா வந்ததும் ரெண்டு சக்கரத்துலயும் கிராங்குக்கு நேரா இருக்கற பல்லு பக்கத்துல எம்-சீல்ல கடுகளவு புள்ளி வெச்சுடுங்க, அடுத்த தடவ ரோட்டுல விரலால தடவியே பொருத்திடலாம். அப்புறம் டைட். செயின் நடுவுல விரல வெச்சு மேலயும் கீழயும் அசைங்க, மொத்தமா ஒரு சென்டிமீட்டர் அசைஞ்சா போதும். சக்கரம் எப்பவும் நூறு சதவீதம் வட்டமா இருக்காது, அதனால கிராங்க கொஞ்சம் கொஞ்சமா சுத்தி எந்த எடத்துல ரொம்ப இறுகுதோ அங்க இந்த அளவ வைங்க. ரொம்ப இறுக்கினா பேரிங் சீக்கிரம் போகும், ரொம்ப தளர்வா விட்டா அன்னூர்ல ஆனதுதான் மறுபடி ஆகும். லாக் போல்ட்ட மறக்காம டைட் பண்ணுங்க, அது லூஸானா மிதிக்கறப்ப எல்லாம் "கிறீச்"னு முன்னாடி இருந்து சத்தம் வரும்.

ஒரு விஷயம் அழுத்தி சொல்றேன். செயின்லயோ சக்கரத்துலயோ உங்க விரல் இருக்கறப்ப சார் எந்த கிராங்கையும் தொடக் கூடாது, அவர் பின்னாடி அசைச்சாலும் முன்னாடி சக்கரம் சுத்தும், விரல் நசுங்கறது இல்ல, துண்டாகிடும். "கை எடுத்துட்டேன்"னு நீங்க வாயால சொன்ன அப்புறம்தான் அவர் சுத்தணும், ஒவ்வொரு தடவையும்.

இந்த செயின் வழியில அறுந்தா பயப்படாதீங்க, இதுக்கு நம்ம ஊர்லயே மருந்து இருக்கு. சாதாரண சைக்கிள் செயின் அகலம் கொஞ்சம் ஜாஸ்தி, ஆனா கண்ணியோட இடைவெளி அதே அரை இன்ச். இடது பக்கம் கியர் எதுவும் இல்லாததால அந்த செயின் அங்க ஓடிடும். ஒண்ணு பத்தாது, ரெண்டு செயின் வாங்கி ரெண்டாவதுல ஒரு துண்டு வெட்டி சேத்துக்கணும், எந்த ஊர் சைக்கிள் கடையிலயும் கிடைக்கும், ஃபிரேம்ல உரசாம இருக்கான்னு மட்டும் பாத்துக்கோங்க. வலது பக்க செயின்ல இந்த வேலை நடக்காது, அதுக்கு 9 ஸ்பீடு குயிக் லிங்க் ரெண்டு, பழைய செயின்ல இருந்து ஒரு சாண் துண்டு, செயின் கட்டர் எடுத்துக்கோங்க. கிளம்பறதுக்கு முன்னாடி ஸ்கேல் வெச்சு அளந்து பாருங்க, புது செயின்ல 24 கண்ணி சரியா 12 இன்ச் இருக்கும், அது 1/16 இன்ச் நீண்டுடுச்சுன்னா மாத்திடுங்க. ரெண்டு பேர் காலும் ஒரே செயின இழுக்கறதால வலது செயின் சீக்கிரம் தேயும். கியர் மாத்தறப்ப சார் குரல் குடுக்கணும், ரெண்டு பேரும் ஒரு செகண்டு அழுத்தத்த குறைக்கணும், செயின் அறுபடறதும் டீரெய்லர ஃபிரேமோட பிடிச்சிருக்கற ஹேங்கர் வளையறதும் பெரும்பாலும் மேட்டுல முழு அழுத்தத்தோட கியர் மாத்தறப்பதான்.

கோத்தகிரி விஷயம். அந்த டியூப தூக்கிப் போடலன்னா எடுத்து தடவிப் பாருங்க. ஓட்டை ரிம் பக்கம், அதாவது உள்பக்கம் இருந்தா குற்றவாளி ரிம் டேப். பிளாஸ்டிக் டேப் சூட்டுல இளகி, டியூப் கம்பி ஓட்டைக்குள்ள பிதுங்கி வெடிக்கும். வெளிப்பக்கம் நீளமா கிழிஞ்சிருந்தா டயர் ரிம்ம விட்டு எகிறிடுச்சு. ரெண்டுக்கும் காரணம் சூடுதான். மேட்டுப்பாளையம் வரைக்கும் சுமார் 1,500 மீட்டர் இறக்கம், 160 கிலோவோட இறங்கறப்ப வெளிய வர்ற சக்தி ஏழு லிட்டர் பச்சத்தண்ணிய கொதிக்க வைக்கற அளவு, அதுல கொஞ்சம் காத்து எதிர்ப்புல போயிடும், மீதி முழுக்க ரிம்முலதான் இறங்குது. துணி ரிம் டேப் போடுங்க, மலைக்கு போறதா இருந்தா காத்த டயர்ல போட்டிருக்கற மேக்சிமம் வரைக்கும் ஏத்தாதீங்க, ஃபிரேம்ல எடம் இருந்தா 35 டயருக்கு போங்க. இறங்கறப்ப பிரேக்க விடாம லேசா பிடிச்சுக்கிட்டே வர்றதுதான் ரொம்ப மோசம். நேர் ரோட்டுல விட்டுட்டு, வளைவுக்கு முன்னாடி முன்னும் பின்னும் சேத்து நல்லா பிடிச்சு வேகத்த குறைச்சு, மறுபடி விடுங்க, அப்பதான் ரிம்முக்கு காத்து பட்டு ஆற நேரம் கிடைக்கும். அப்பப்ப நின்னு பத்து நிமிஷம் ஆற விடுங்க. நீங்க பின்னாடி இருந்து ரப்பர் தீயற வாசனை வந்தா அதுவும் "நிறுத்துங்க"தான். இன்னொண்ணு, ரிம்மோட பிரேக் படற பக்கத்த விரலால தடவுங்க, நடுவுல குழிஞ்சிருந்தா அந்த ரிம் ஆயுசு முடிஞ்சுது, மலை இருக்கோ இல்லையோ அதுல போகாதீங்க, வீல் கட்டறப்பவே மாத்திடுங்க. கன்னியாகுமரி ரூட்ல இந்த மாதிரி மலை இறக்கம் கிடையாது, அந்த வகையில நிம்மதி. ஆனா அடுத்தது ஊட்டி, வால்பாறைன்னு ஆசை இருந்தா பெரிய டிஸ்க் பிரேக் இருக்கற வண்டி பாருங்க, 203 மில்லிமீட்டர் ரோட்டர் போட்டது.

பஞ்சர் பத்தி உங்களுக்கு தெரிஞ்சிருக்கும், ரெண்டே விஷயம் மட்டும் சொல்றேன். விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி பக்கம் சீமைக்கருவேல முள் ரோட்டோரம் கிடக்கும், அங்க வண்டிய மண்ணுல இறக்கி நிறுத்தாதீங்க. டயருக்குள்ள முள் எங்கன்னு தேட விரல விட பஞ்சு நல்லது, உள்பக்கமா தேச்சுக்கிட்டே போனா முள் நுனி பஞ்ச பிடிச்சு இழுக்கும். டயர் விஷயத்துல ஏமாந்துடாதீங்க, கடையில 28 இன்ச் டயர்னு குடுக்கறது பழைய சைக்கிளோடது, அது 635 மில்லிமீட்டர் விட்டம், உங்களோடது 622, உக்காராது. அதனால மடிக்கற டயர் ஒண்ணு, டியூப் மூணு கூடவே வரணும். அவங்க டியூபோட வால்வும் தடிமனா இருக்கும், உங்க ரிம் ஓட்டை மெல்லிசான பிரெஸ்டா வால்வுக்குன்னா நுழையாது.

வழியில கிடைக்காத இன்னொரு சாமான் கேபிள். சாதாரண கியர் கேபிள் 2 மீட்டர் சொச்சம்தான், உங்க பின் கியருக்கு 3 மீட்டருக்கு மேல வேணும், பின் பிரேக்குக்கும் அப்படித்தான். ரெண்டுலயும் ஒவ்வொண்ணு சுருட்டி பைல போட்டுக்கோங்க. அது இல்லாம கியர் கேபிள் அறுந்தா செயின் தானா சின்ன பல்லுக்கு போயிடும், டீரெய்லர்ல அது நகர்ற எல்லைய வைக்கற லிமிட் ஸ்க்ரூ இருக்கே, அத உள்ள திருப்பினா ஒண்ணு ரெண்டு பல்லு மேல ஏத்தி நிறுத்தலாம், ஒரே கியர்ல ஊர் போய் சேரலாம். பிரேக் கேபிளுக்கு இந்த மாதிரி ஒப்பேத்தற வேலையே வேணாம், பின் பிரேக் போச்சுன்னா பாலம் இறக்கம் வந்தாலும் எறங்கி தள்ளிக்கிட்டு போங்க.

பை ரெண்டா பிரிச்சு வெச்சுக்கோங்க. கம்பி, கேபிள், டயர், செயின் துண்டு மாதிரி அடிக்கடி தேவைப்படாதது ஒரு பைல அடியில. ஆலன் கீ செட், ஸ்போக் கீ, செயின் கட்டர், டயர் லீவர், பஞ்சர் சாமான், குயிக் லிங்க், கேபிள் டை, டேப், ஒரு துணி எல்லாம் இன்னொரு பைல, அந்தப் பை உங்க பொறுப்பு, உங்க கைக்கு எட்டற எடத்துல, ஒவ்வொண்ணுக்கும் தனி அறையோட. சார் "5 எம்எம்"னு கேட்டா நீங்க எடுத்துக் குடுக்கணும், வேலை முடிஞ்சதும் உங்க கைக்கே திரும்பி வரணும், வண்டிய எடுக்கறதுக்கு முன்னாடி நீங்க எண்ணிப் பாத்து சரின்னு சொல்லணும். ரோட்டோரம் புல்லுல விட்டுட்டு வர்ற டூல் எவ்வளவுன்னு கேட்டா எந்த மெக்கானிக்கும் சொல்வான். சாயங்காலம் ரூம் போட்டதும் கிராங்க் போல்ட், கேரியர் போல்ட், பெடல் எல்லாத்தையும் கீ போட்டு ஒரு தடவ தொட்டுப் பாருங்க, கேரியர் போல்ட் நாள் முழுக்க அதிர்வுல கண்டிப்பா தளரும். இடது பக்க பெடல்கள் ரெண்டுக்கும் மரை தலைகீழ், டைட் பண்ணணும்னா கடிகாரத்துக்கு எதிர் திசைல.

எப்ப போதும்னு விட்டுடணும்னும் சொல்லிடறேன். ஃபிரேம்லயோ ஃபோர்க்லயோ விரிசல், ரிம் பிளந்தது, ஒரே வீல்ல மூணு கம்பி போனது, ஹப்புக்குள்ள பிடிமானம் போய் மிதிச்சா சும்மா சுத்தறது, இதுல எது ஆனாலும் அந்த எடத்துலயே ரைடு முடிஞ்சுது. கேபிள் டை போட்டு கேசட்ட கம்பியோட கட்டி ஓட்டலாம்னு யாராவது சொல்வாங்க, ஒத்த ஆள் சைக்கிள்ல மெதுவா உருட்ட சரி, ரெண்டு பேர் மிதிக்கற விசைக்கு கம்பியையும் சேத்து பிடுங்கிடும். டேண்டம் ஆட்டோல ஏறாது, கார்லயும் ஏறாது, குட்டி யானை ஒண்ணு பிடிச்சு முன் வீல கழட்டி சாய்ச்சு போட்டா வந்துடும். அதுக்குன்னு தனியா பணம் எடுத்து வெச்சுக்கோங்க, திண்டுக்கல், விருதுநகர், திருநெல்வேலி மூணு எடத்துலயும் தெரிஞ்சவங்க யாராவது இருந்தா நம்பர முன்னாடியே வாங்கிடுங்க. பணம் தனியா இருந்தா அங்க நின்னு முடிவெடுக்கறப்ப மனசு தடுமாறாது.

புது வீல் கட்டி வந்ததும் நேரா கன்னியாகுமரிக்கு கிளம்பிடாதீங்க. புதுக் கம்பி முதல் சில நாள் ஓட்டத்துல கொஞ்சம் தளரும். பொங்கலுக்கு ரெண்டு வாரம் முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை, ரைடுக்கு கொண்டு போற அதே பை, அதே வெயிட்டோட பொள்ளாச்சி வரைக்கும் போய்ட்டு வாங்க, போக வர 80 கிலோமீட்டர் பக்கம் வரும். வழியில வேணும்னே ஒரு தடவ பின் வீல கழட்டி மாட்டுங்க, டைமிங் செயினையும் கழட்டி நீங்களே புள்ளிய தடவி மாட்டிப் பாருங்க, சார் பக்கத்துல நின்னு வண்டிய மட்டும் பிடிச்சுக்கட்டும். வீட்டுக்கு வந்ததும் கம்பிய சுண்டிப் பாத்துட்டு, எது எது தளர்ந்திருக்கோ அத வீல் கட்டினவர்கிட்ட சொல்லி மறுபடி இறுக்கி வாங்கிடுங்க. அதுல ஏதாவது சத்தம் வந்து பிடிபடலன்னா உருட்டறப்பவும் வருதா, மிதிக்கறப்ப மட்டும் வருதா, எத்தன சுத்துக்கு ஒரு தடவ, யார் மிதிக்காம விட்டா நிக்குது, இந்த நாலையும் எழுதி அனுப்புங்க டீச்சர், வண்டிய கொண்டு வராமலே எந்த பார்ட்டுன்னு பாத்து சொல்றேன்.